பாதியில் திரும்பாத ஊர்

எங்கள் ஊரில் நாற்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி ரோட்டில் ஓடினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். யாரையோ ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். இதை நான் ஓடித்தான் தெரிந்துகொண்டேன்.

முதன்முதலில் ஷூ மாட்டிக்கொண்டு செங்கம் ரோட்டில் ஓடிய அன்று, எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றுகிறவர் பைக்கைத் திருப்பிக்கொண்டு என் பக்கத்தில் வந்தார்.

"என்னாம்மா ஆச்சு? யாருக்கு?"

"யாருக்கும் ஒண்ணும் இல்லீங்க."

"ஏறுங்க, பெரியாஸ்பத்திரில எறக்கி விட்டுடறேன். பால் கெடக்குது, அப்புறம் ஊத்திக்கலாம்."

"இல்லீங்க, நான் சும்மாதான் ஓடறேன்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு இரக்கம். பாவம், வெளியில் சொல்ல முடியாத விஷயம்போல என்று முடிவு செய்துவிட்டார். மதியத்துக்குள் செய்தி கீழ்பென்னாத்தூரில் இருக்கும் என் பிறந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அண்ணி போனில் அழாத குறையாகக் கேட்டாள், "மாமாவுக்கு நெஞ்சு வலியாமே?" மாமா என்று அவள் சொன்னது என் வீட்டுக்காரரை. அவர் அப்போது என் எதிரில் உட்கார்ந்து மூன்றாவது தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். செங்கம் ரோட்டில், ஆசிரமங்களைத் தாண்டி உள்ளே போகும் ஒரு தெருவில் எங்கள் வீடு. கீழே நாங்கள், மேலே ஐந்து அறைகள். வெளியூர்க்காரர்களுக்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கும் வாடகைக்கு விடுகிறேன். வீட்டுக்காரர் டிராவல்ஸ் நடத்துகிறார். மூன்று கார், இரண்டு வேன். விமான நிலையத்தில் ஆளை ஏற்றி அவர் கொண்டுவருவார், அறையில் இறக்கி நான் பார்த்துக்கொள்வேன். இப்படித்தான் எங்கள் குடும்பம் ஓடுகிறது.

ஓட்டம் எனக்கு வந்தது தற்செயலாக. ஒரு நாள் காலையில் தனியாகக் கிரிவலம் போய் மலை சுற்றிக்கொண்டிருந்தேன். அடி அண்ணாமலை தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடமில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வாயு லிங்கம் கோயில் வரை ஓடினேன். ஒதுங்கிய பிறகுதான் கவனித்தேன், நான் சிரித்துக்கொண்டிருந்தேன். மூச்சு வாங்கியது, மார்பு படபடத்தது, ஆனாலும் மழை நிற்பதற்குள் இன்னும் கொஞ்சம் ஓடலாமா என்று மனசு கேட்டது. எனக்குக் கல்யாணமாகி, பிள்ளை பெற்று, பிள்ளையை வேலைக்கு அனுப்பி முடித்த பிறகு இப்படி ஒரு சந்தோஷம் மிச்சமிருக்கும் என்று யாரும் சொல்லவே இல்லை.

ஆனால் ஊரில் ஓட முடியாது. ஓடினால் ஆஸ்பத்திரி. அதனால் வெளியூர் போய் ஓட ஆரம்பித்தேன். பாண்டிச்சேரிக் கடற்கரை ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் என்றால் பேர் கொடுத்துவிடுவேன். சென்னையில் இரண்டு முறை. கோயம்புத்தூருக்குக்கூட ஒரு தடவை போனேன். அங்கெல்லாம் என்னை யாருக்கும் தெரியாது, யாரும் பைக்கை நிறுத்த மாட்டார்கள். வீட்டுக்காரர்தான் காரில் கூட்டிக்கொண்டு போவார். நான் ஓடி முடிக்கும்வரை சீட்டைச் சாய்த்துத் தூங்குவார். ஓடி முடித்து வந்து கண்ணாடியைத் தட்டினால், "அதுக்குள்ளயா?" என்பார். இரண்டு மணி நேரம் ஆகியிருந்தாலும் அதே கேள்விதான்.

அப்புறம் எங்கள் ஊரிலேயே ஓட்டம் வந்தது. மலையைச் சுற்றிப் பதினாலு கிலோமீட்டர், வருஷத்தில் ஒரு ஞாயிறு. ஊரில் பல் டாக்டர் ஒருவரும், பெயிண்டும் பைப்பும் விற்கும் ஹார்டுவேர் கடைக்காரர் ஒருவரும் சேர்ந்து ஆரம்பித்தார்கள். நானும் போய்ச் சேர்ந்துகொண்டேன். அந்த ஒரு காலை மட்டும் நான் எங்கள் ஊர் ரோட்டில், எங்கள் மலையைப் பார்த்துக்கொண்டே ஓடலாம். நெஞ்சில் நம்பர் குத்தியிருப்பதால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். தீபாவளிக்குக்கூட நான் அவ்வளவு காத்திருந்தது கிடையாது.

அதற்குத்தான் ஆபத்து வந்தது.

போன வருஷ ஓட்டத்துக்குக் கூட்டம் ஜாஸ்தி. சென்னை, பெங்களூர், வேலூர் என்று எல்லாப் பக்கமிருந்தும் வந்தார்கள். ஆளுக்கொரு காரில் வந்தார்கள். செங்கம் ரோட்டின் இரண்டு ஓரமும் கார், கிரிவலப் பாதையில் நடைமேடை மேலேயே கார். அன்று முகூர்த்த நாள் வேறு. கல்யாண பஸ் ஒன்று நடுவில் மாட்டிக்கொண்டு அசையாமல் நின்றது. கடைசியில் மாப்பிள்ளை கோட் சூட்டோடு இறங்கி நடந்து மண்டபத்துக்குப் போனார். மலைக் காற்றைச் சுவாசித்து ஓடலாம் என்று விளம்பரம் செய்திருந்தோம். ஓடியவர்கள் சுவாசித்தது நின்ற வண்டிகளின் புகையைத்தான்.

அனுமதி தருகிற அலுவலகத்தில் எங்களைக் கூப்பிட்டு நிற்க வைத்துக் கேட்டார்கள். அதிகாரி சத்தம் போடவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "அடுத்த வருஷம் பாதையில ஓட்டத்துக்கு வந்த காருன்னு ஒண்ணு நின்னாலும் சரி, அதோட இந்த ஓட்டம் முடிஞ்சுது" என்றார். நான் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மலையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். என் ஒரு நாள் போய்விடுமோ?

சென்னையிலிருந்து எங்கள் ஓட்டத்துக்கு வருகிற பெண் ஒருத்தி இருந்தாள். முப்பது வயது இருக்கும். கம்பெனிகள் எவ்வளவு கரியமில வாயுவைக் காற்றில் விடுகின்றன என்று கணக்குப் போட்டுச் சொல்வது அவள் வேலை. கார்பன் கணக்கு என்பாள். கார் பிரச்சினையைக் கேள்விப்பட்டு அவளே ரயில் பிடித்து வந்தாள். பல் டாக்டரின் கிளினிக்கில் நோயாளிகள் போன பிறகு எல்லாரும் உட்கார்ந்தோம்.

ஹார்டுவேர் கடைக்காரர் பெருமையாக ஆரம்பித்தார். "நாங்க பிளாஸ்டிக் பாட்டிலே வெக்கறதில்லம்மா. எல்லாம் எவர்சில்வர் டம்ளரு. பேனரும் துணிதான்."

"ரொம்ப நல்லதுங்க சார்" என்றாள் அவள். "ஆனா பாட்டில், பேனர் எல்லாம் கண்ணு முன்னாடி கெடக்கு, அதனால அதையே திட்டிட்டு இருக்கோம். பெரிய புகையெல்லாம் ஊருக்கு வர்ற வழியிலயே முடிஞ்சு போயிடுது. அத யாரும் பாக்கறதில்ல. ஒரு ஆளு, ஒரு காரு, சென்னையில இருந்து இங்க வந்து ரெண்டு மணி நேரம் ஓடிட்டுத் திரும்பப் போறாரு. உங்க டம்ளர் எல்லாம் சேர்ந்தாலும் அதுக்கு ஈடு கட்டாது."

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "கரெக்டு, ஓடறதுக்கு எதுக்கு காரு?" என்று நடுவில் புகுந்தேன்.

அவள் சிரித்துக்கொண்டே திரும்பினாள். "நீங்க எங்கெல்லாம் ஓடியிருக்கீங்கக்கா?"

பாண்டிச்சேரி, சென்னை, கோயம்புத்தூர் என்று வரிசையாகச் சொன்னேன். எப்படிப் போனீர்கள் என்று கேட்டாள். எங்கள் காரில்தான் என்றேன். அவள் போனை எடுத்து ஏதோ தட்டினாள். பார்த்தாள். பிறகு மரியாதையாக அதை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

"ஜாஸ்தியா?" என்றேன்.

"கம்மி இல்லக்கா" என்றாள்.

பல் டாக்டர் இருமுவதுபோலச் சிரித்தார். எனக்கு வந்த கோபத்தில் அவரிடம் இனிமேல் பல்லே காட்டக்கூடாது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் விஷயம் உறைத்தது. வீட்டு வாசலில் இறங்கி ஓட வெட்கப்பட்டுக்கொண்டு, ஒரு ஆள் ஓட ஒரு காரை ஊர் ஊராக ஓட்டிக்கொண்டு போயிருக்கிறேன்.

அன்றே முடிவு செய்தோம். ரயிலிலோ பஸ்ஸிலோ வருகிறவர்களுக்குத்தான் முதலில் இடம். கார் நிறுத்த இடம் கிடையாது என்று பெரிய எழுத்தில் போட்டுவிடுவது. புறப்படும் மைதானத்துக்கு நடந்து வருகிற தூரத்தில் தங்க ஏற்பாடு. வந்த கையோடு ஓடிவிட்டுப் போகாமல் மூன்று நாள் தங்குகிறவர்களுக்கு வாடகையைக் குறைப்பதாக நான் ஒத்துக்கொண்டேன். ஒரு தடவை வந்ததற்குக் கோயில், மலை, செஞ்சிக் கோட்டை எல்லாம் பார்த்துவிட்டுப் போகட்டும், அதற்கு இன்னொரு தடவை வண்டி கட்டிக்கொண்டு வர வேண்டாம். இதற்காக என்று விமானம் ஏறி யாரும் வர வேண்டாம், குளிர்காலத்தில் எங்கள் பக்கம் ஏற்கெனவே மாதக்கணக்கில் தங்கியிருக்கும் வெளிநாட்டுக்காரர்கள் ஓடினால் போதும் என்றும் எழுதினோம். எங்கிருந்தோ லாரியில் வருகிற மெடலுக்குப் பதில் மல்லாட்டை உருண்டை, வெளியூரில் கடலை உருண்டை என்பார்கள். மல்லாட்டை என் அண்ணன் நிலத்தில் விளைந்தது, வெல்லம் மட்டும் கடையில்.

எல்லாம் சரி. வீட்டில் சொல்ல வேண்டுமே.

ஓட்டம் நடக்கிற அந்த வார இறுதியில் ஓட வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு எங்கள் வண்டிகள் ஐந்தும் ஓய்வில்லாமல் போய்வரும். இரவு சாப்பாடு போட்டுவிட்டு மெதுவாக ஆரம்பித்தேன். அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டார்.

"ஓட வர்றவன் கார்ல வந்தா என்னா கேடு?"

"காரு வந்து நின்னா ஓட்டமே கெடையாதாங்க."

"போவட்டும். நம்ம பொழப்பு அதுலயா இருக்குது?"

"உங்க பொழப்பு இல்ல. என்னோடது இருக்குது" என்றேன். நான் எதிர்பார்த்ததைவிடக் குரல் உரக்க வந்துவிட்டது. "வருஷத்துல ஒரு நாளு இந்த ஊரு என்னைக் கேள்வி கேக்காம விடுது. அத நான் விட முடியாது."

அவர் கையைக் கழுவிக்கொண்டு வெளியே போனார். அடுத்த இரண்டு நாள் உர்ரென்று இருந்தார். அந்த வாரம் எங்கேயும் போகாத காரைக்கூடக் காலையும் மாலையும் கழுவினார். அவ்வளவு பளபளப்பாக எங்கள் வண்டிகளை நான் பார்த்ததே இல்லை.

மூன்றாம் நாள் அவராகவே பேசினார். "பெங்களூர்க்காரனுங்களுக்கு ரயில் நேரம் ஒத்து வராது. வேணும்னா ரெண்டு வேனையும் அனுப்பறேன். ஆனா சீட்டு அத்தனையும் ரொம்பணும். பாதி வேனுக்கு நான் டீசல் போட மாட்டேன்." அதற்குமேல் என்ன வேண்டும்? எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம்போல இருந்தது. மேல் அறைக்காரர் துணி உலர்த்த இறங்கி வந்துவிட்டதால் சும்மா இருந்துவிட்டேன்.

ஓட்டத்துக்கு முந்தின வாரம் இன்னொன்று சொன்னார். "எம் பேரையும் போட்டு வையி."

"எதுக்கு?"

"ஓட்டத்துக்குத்தான். அன்னிக்கு எனக்கு சவாரி எதுவும் இல்ல. ஊட்ல குந்திக்கினு என்னா பண்றது?"

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். என் வீட்டுக்காரருக்கு முட்டி வலி. பத்து வருஷமாக அவர் மலையைச் சுற்றுவது டயரில்தான். வாடிக்கையாளர்களை ஏற்றிக்கொண்டு காரிலேயே ஒரு சுற்று போய் இறக்கிவிடுவார், அதையே தன் கணக்கிலும் வைத்துக்கொள்வார். அவரைச் சின்ன ஓட்டத்தில் சேர்த்தேன். சின்ன ஓட்டம் என்றால் ஏழு கிலோமீட்டர். மைதானத்திலிருந்து கிளம்பி நிருதி லிங்கம் வரை போய், அங்கே அடையாளத்துக்கு ரோட்டில் வைத்திருக்கும் கூம்பைச் சுற்றிக்கொண்டு வந்த வழியே திரும்ப வேண்டும்.

இந்தத் தூரத்தைப் பல் டாக்டர் மேசையில் மேப்பை விரித்து வைத்துத்தான் குறித்தோம். சென்னைப் பெண் பென்சிலால் கோடு போட்டாள். பல் டாக்டர் தலையாட்டினார். கடைக்காரர் தலையாட்டினார். நானும் ஆட்டினேன். நாங்கள் மூன்று பேருமே இந்தப் பக்கத்திலேயே பிறந்தவர்கள். பள்ளிக்கூடம் சேர்வதற்கு முன்பே இடுப்பில் உட்கார வைத்து மலை சுற்ற வைக்கப்பட்டவர்கள். மலை எப்போதும் வலது கைப்பக்கம் இருக்க வேண்டும், சுற்ற ஆரம்பித்தால் ஆரம்பித்த இடத்துக்கு வந்துதான் நிற்க வேண்டும், கால் வலித்தால் உட்காரலாம், படுக்கலாம், எழுந்தால் அதே திசையில்தான் போக வேண்டும். இதையெல்லாம் யாரும் எங்களுக்குச் சொல்லித் தந்ததில்லை, காலுக்கே தெரியும். ஆனால் மேப்பில் மலை வெறும் பச்சைத் திட்டு. அங்கே எங்கள் கால் இல்லை. அதனால் ஒருவருக்கும் எதுவும் தோன்றவில்லை.

ஓட்டத்தன்று காலை இருட்டு பிரியும் நேரத்தில் மைதானத்துக்கு நடந்து போனேன். தெருவெல்லாம் ஆட்கள் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். ரயிலில் வந்தவர்கள், பஸ்ஸில் வந்தவர்கள், மேல் அறைகளிலிருந்து இறங்கி வந்தவர்கள். பெங்களூர் வேன்கள் ஆட்களை இறக்கிவிட்டு எங்கள் வீட்டு ஓரமாக நின்றன. செங்கம் ரோட்டில் எங்களால் வந்த கார் ஒன்றுகூட இல்லை. நாய்கள்தான் நடு ரோட்டில் படுத்திருந்தன. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதாக மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

பதினாலு கிலோமீட்டர் ஓடுகிறவர்கள் முதலில் கிளம்பினோம். என் வீட்டுக்காரர் பின்னால் சின்ன ஓட்டக் கூட்டத்தில் புது ஷூவோடு நின்றுகொண்டு, என்னைத் தெரியாதவர்போல வேறு பக்கம் பார்த்தார்.

அந்த ஓட்டத்தைப் பற்றி என்ன சொல்ல? நன்றாக இருந்தது. செங்கம் ரோட்டை விட்டு வலது பக்கம் திரும்பியதும் மரங்கள், குளிர், பக்கத்தில் மலை. வளைவுகளில் வெளியூர்க்காரர்கள் தூரம் குறையும் என்று வலது ஓரத்தை ஒட்டி ஓடினார்கள். நாங்கள் இடது ஓரத்திலேயே ஓடினோம். மலைக்குப் பக்கமான வலது ஓரம் கண்ணுக்குத் தெரியாமல் சித்தர்கள் நடக்கிற இடம் என்பார்கள், அதில் போய் யார் இடிப்பது? எங்களுக்குத் தூரம் கொஞ்சம் ஜாஸ்திதான், பரவாயில்லை. அடி அண்ணாமலையில் வாசல் கூட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா துடைப்பத்தைத் தூக்கிக் காட்டி, "ஓடு ஓடு, முன்னால சிவப்புச் சட்டைக்காரி போறா பாரு, உடாத" என்று கத்தினாள். யாரும் யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. ராஜகோபுரத்தைத் தாண்டும்போது பூக்கடைகள் திறந்துகொண்டிருந்தன. மைதானத்துக்கு வந்து சேர்ந்ததும் ஒரு டம்ளர் தண்ணீரும் ஒரு மல்லாட்டை உருண்டையும் கொடுத்தார்கள். சிவப்புச் சட்டைக்காரியை என்னால் பிடிக்க முடியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உருண்டையைக் கடித்துக்கொண்டிருக்கும்போது சென்னைப் பெண் ஓடி வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, ஏழு கிலோமீட்டர்ல போனவங்கள்ல வெளியூர்க்காரங்க எல்லாரும் எப்பவோ வந்துட்டாங்க. உங்க ஊர்க்காரங்க ஒருத்தர்கூட வரல. ஒருத்தர்கூட!"

"பல் டாக்டர்?"

"வரல."

"ஹார்டுவேர் கடைக்காரர்?"

"அவரும் வரலக்கா. அந்தக் கூம்ப வெச்சதே அவருதான்!"

எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. உருண்டை தொண்டையில் சிக்கும் அளவுக்குச் சிரித்தேன். அவள் எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று முதுகில் தட்டினாள். "அவங்க திரும்ப மாட்டாங்கம்மா" என்றேன். "மலையைச் சுத்தப் போயிட்டாங்க. பாதியில எப்படித் திரும்புவாங்க?"

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. நான் தடுப்பதற்குள் எங்கள் வேன் ஒன்றை அவர்களைத் தேட அனுப்பிவிட்டாள். கார் வேண்டாம், வண்டி வேண்டாம் என்று இவ்வளவு பாடுபட்டு, கடைசியில் ஆளைத் தேட வேன். டிரைவர் எங்களிடம் நெடுநாளாக வேலை செய்கிறவர். கொஞ்ச நேரத்தில் அவரிடமிருந்து எனக்குப் போன் வந்தது.

"அம்மா, ஓனர் குபேர லிங்கத்துகிட்ட நடந்துகினு இருக்காரு. ஏற மாட்டேன்றாரு."

"முட்டி வலிக்கும், ஏறச் சொல்லுங்க."

"சொல்லிட்டேம்மா. கிரிவலத்துல பாதியில எவனாவது வண்டி ஏறுவானாடான்னு திட்றாரு. சரின்னு பின்னாலயே மெதுவா உருட்டிக்கினு வந்தேன். எஞ்சின் சத்தம் தாங்கல, முன்னால போடான்றாரு. முன்னால போனேன், புகை மூஞ்சில அடிக்குதுன்றாரு."

"யாரு வண்டிப் புகை?"

"நம்ம வண்டிதாம்மா" என்றார் டிரைவர் பரிதாபமாக.

வேனை நேராக வீட்டுக்குக் கொண்டுபோய் நிறுத்தச் சொல்லிவிட்டு மைதானத்து வாசலில் நின்றேன். எனக்குப் பயமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. எதிர்ப் பக்கமாகப் போனால் வழியில் அவரைப் பார்த்துவிடலாம். தினமும் எத்தனையோ பேர் அந்த ரோட்டில் இரண்டு பக்கமும் போய்வருகிறார்கள், யாரும் தப்பு சொல்லப் போவதில்லை. ஆனால் அப்போதுதான் சுற்றி முடித்திருந்த என் கால் அந்தப் பக்கம் வரமாட்டேன் என்றது. அதனால் நின்றேன். பாண்டிச்சேரியில் காருக்குள் அவர் எப்படிக் காத்திருந்திருப்பார் என்று அன்றுதான் யோசித்தேன். அவராவது தூங்கினார்.

பல் டாக்டர் வந்தார். கடைக்காரர் வந்தார், சென்னைப் பெண்ணைப் பார்த்ததும் அசடு வழிந்தார். "கூம்பு வெச்சது ஞாபகம் இருந்ததும்மா. ஆனா திரும்பறதுக்கு ஒரு மாதிரி இருந்துது" என்றார். ஒவ்வொருவராக எல்லாரும் வந்தார்கள். வெயில் ஏறிவிட்டது. பந்தலைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கடைசியாக என் வீட்டுக்காரர் ரோட்டு முனையில் திரும்பினார். ஷூ இரண்டும் கயிற்றால் முடிந்து தோளில் தொங்கியது. வெறுங்காலில், ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து, ஆனால் தலையை நன்றாக நிமிர்த்திக்கொண்டு வந்தார்.

உருண்டையைக் கையில் கொடுத்தேன். உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, மூச்சு நிலைக்கு வந்த பிறகு பேசினார்.

"அங்க ஒரு சென்னைக்காரரு கொடிய ஆட்டிக்கினு ரிட்டர்னு ரிட்டர்னுன்றாரு. எவன் திரும்புவான்?" பிறகு கொஞ்சம் தள்ளிப் பார்த்துக்கொண்டு, "ராஜகோபுரத்துகிட்ட பூக்கடைக்காரன் கேக்கறான், அண்ணா, வண்டில டீசல் தீந்துடுச்சான்னு" என்றார். "நீ என்னா சொன்னீங்க?" என்று அவசரத்தில் நீயும் நீங்களுமாகக் கலந்து கேட்டேன். "ஆமான்னுட்டேன்."

கால் பெருவிரலில் கொப்புளம். வலித்திருக்கும். ஆனால் அவர் முகத்தில் நான் வாயு லிங்கத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது எனக்கு வந்த அதே சந்தோஷம் இருந்தது. அதை நான் எங்கே பார்த்தாலும் கண்டுபிடித்துவிடுவேன்.

சென்னைப் பெண் கணக்கு முடித்து அனுப்பினாள். போன வருஷத்தைவிடப் புகை நன்றாகவே குறைந்திருந்தது. தேடப் போன வேனையும் விடாமல் சேர்த்திருந்தாள். அடுத்த வருஷத்திலிருந்து திரும்புகிற ஓட்டம் கிடையாது, எல்லாருக்கும் ஒரே சுற்று, ஓடுகிறவர் ஓடட்டும் நடக்கிறவர் நடக்கட்டும் என்று கீழே எழுதியிருந்தாள். அலுவலகத்தில் அதிகாரியும் அடுத்த வருஷம் நடத்திக்கொள்ளுங்கள் என்றார். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து ஒரு புதன்கிழமை. காலையில் வீட்டுக்காரர் வாசலில் கார் கழுவிக்கொண்டிருந்தார். "வர்ற ஞாயித்துக்கெழம பாண்டிச்சேரில ஓட்டம்னியே, வண்டி வேணுமா?" என்று கேட்டார்.

"வேணாங்க" என்றேன். ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டு கேட்டைத் திறந்தேன். நெஞ்சில் நம்பர் எதுவும் இல்லை. தெருவில் இறங்கி ஓட ஆரம்பித்தேன்.

முனைக்குப் போவதற்குள் எதிரே வந்த பால்காரரின் பைக் என்னைத் தாண்டிப் போனது. எங்கள் வாசலில் பிரேக் போடும் சத்தம் கேட்டது. எனக்குத் தெரியும் என்ன வரப்போகிறது என்று. காலைக் கொஞ்சம் மெதுவாக்கிக் காதைக் கொடுத்தேன்.

"அண்ணா, அம்மா ஓடறாங்களே! யாருக்கு என்னா ஆச்சு?"

குழாய்த் தண்ணீர் நின்றது.

"ஒண்ணும் ஆவலப்பா. ஓடறா" என்றார் என் வீட்டுக்காரர். "மலையைச் சுத்திக்கினு அந்தப் பக்கமா வந்துடுவா. நீ பால ஊத்து."